கப்பல் சரக்கும் ஆலைச் சரக்கும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்தில் அல்வாப் பெட்டி, தேன் பாட்டில் லேபிள், மசாலா அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் கிராக்கிதான். சீசன் முடியுமுன்பே ஆடிப் பெருக்கும் வந்து, சிவகாசியில் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகின்றன. இவற்றுக்கெல்லாம் வேண்டியது கோட்டிங் செய்த ஆர்ட் பேப்பரும் அட்டையும். இதில் ஒரு பகுதி நம் நாட்டு ஆலைகளிலிருந்தும், ஒரு பகுதி கப்பலிலும் வருகிறது. கப்பல் சரக்கு மலிவு என்று கேட்டவுடன் ஆலைக் கணக்கை முடித்துவிடும் அன்பர்கள் நம்மில் உண்டு. அவர்கள் சிந்தனைக்கே இக்கட்டுரை.

எந்தத் தேசத்துக்கு என்ன வரி?

காகிதத்துக்குப் பொதுவான சுங்க வரி 10 சதவீதம். ஐரோப்பியச் சரக்கு இந்தக் கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது. 2010-இல் ஆசியான் நாடுகளுடனும் தென்கொரியாவுடனும் செய்த ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. அதன்படி இந்தோனேஷியா, தாய்லாந்து, கொரியா காகிதங்களுக்கு வரி படிப்படியாகக் குறைந்து பூஜ்யமாயிற்று. சீனச் சரக்குக்கு ஆசிய பசிபிக் வர்த்தக ஒப்பந்தச் சலுகையால் வரி 7 சதவீதமாயிற்று.

மேல்நாடுகள் செய்தது நேர்மாறு. சீன, இந்தோனேஷிய ஆர்ட் பேப்பருக்கு அமெரிக்கா 2010-இல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி போட்டது. சீனச் சரக்குக்கு ஐரோப்பா 2011-இல் போட்டது. ஒரு சந்தையில் கதவு சாத்தினால் சரக்கு வேறு சந்தை தேடும் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, மலிவு என்பது ஆலையின் சாமர்த்தியம் மட்டுமல்ல. வரியும் கப்பல் வாடகையும் டாலர் விலையும் சேர்ந்தது. இவற்றில் எதுவும் நம் கையில் இல்லை.

அக்கரைப் பாடம்

2022 மார்ச் மாதம் இலங்கையில் டாலர் தட்டுப்பாட்டால் காகிதம் இறக்க முடியவில்லை. மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகள் தள்ளிப்போயின. சில பத்திரிகைகள் அச்சை நிறுத்தின. வாழைச்சேனையில் ஆலை இருந்தும் அந்த நேரத்தில் தேவைக்குக் கைகொடுக்கவில்லை.

மலைக்கு அப்பால் புனலூரில் 1888-இல் தோன்றிய காகித ஆலை 1987-இல் மூடப்பட்டு நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. காரணங்கள் வேறாயினும், நின்ற ஆலையை மீண்டும் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அது சாட்சி. நமக்கு அந்த நிலை இல்லை. மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு காகித ஆலையின் இரண்டாவது அலகு, ஆண்டுக்கு 2 லட்சம் டன் கோட்டிங் அட்டை தயாரிக்கும் திறனுடன் 2016-இல் தொடங்கியது. இது நம் பக்கத்துக்குப் பெரும் பலம்.

மாறும் சட்டங்கள்

2025 ஆகஸ்டில் மத்திய அரசு புது மரக்கூழ் அடுக்கு அட்டைக்கு டன் ஒன்றுக்கு ரூ. 67,220 என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயித்தது. அடுத்த மாதமே ஜி.எஸ்.டி. மாறிற்று: கோட்டிங் காகிதத்துக்கும் அட்டைக்கும் 12-லிருந்து 18 சதவீதம், அட்டைப் பெட்டிக்கு 12-லிருந்து 5. அட்டை வாங்கிப் பெட்டி செய்பவர் அதிக வரி கட்டிக் குறைந்த வரிக்கு விற்கிறார். அவர் முதல் முடங்குகிறது. மலிவை நம்பி ஒரே வழியில் முதலைப் போட்டவர்களுக்கு இத்தகைய திருப்பங்கள்தான் ஆபத்து.

கடைக்காரர்கள் கவனத்துக்கு

1. கிலோ விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். 23க்கு 36 அங்குல அட்டை 100 கிலோ எடுத்தால், 300 ஜி.எஸ்.எம்.மில் சுமார் 624 தாள். 280-இல் சுமார் 668 தாள். பெட்டி எண்ணிக்கையில்தானே விற்கிறோம்? விறைப்பு போதுமானால் 280-க்குக் கிலோவுக்குச் சற்றுக் கூடக் கொடுத்தாலும் கட்டுப்படியாகும்.

2. சாரல் காலத்தில் ஆர்ட் பேப்பர் கட்டைத் தேவைக்கு முன் பிரிக்காதீர்கள். ஈரம் பட்டால் தாள் சுருளும். கோட்டிங் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள்.

3. கப்பல் சரக்கை வாங்குங்கள். ஆனால் ஆலைச் சரக்குக் கணக்கையும் உயிரோடு வைத்திருங்கள். மாதாமாதம் கொஞ்சமேனும் எடுத்து, பணத்தை நாளுக்குக் கொடுத்து வந்தவருக்குத்தான் தட்டுப்பாடு வரும்போது சரக்கு கிடைக்கும். விலை ஏறிய பின் புதிதாகப் போய் நின்றால் ரொக்கத்துக்கும் கிடைக்காது.

வரி வித்தியாசத்தால் பெட்டித் தொழிலில் முடங்கும் பணம் குறித்து நம் சங்கம் அரசுக்கு மனுச் செய்ய வேண்டும். உறுப்பினர்கள் தத்தம் கணக்கு விவரங்களைக் கொடுத்து உதவினால் மனுவுக்கு வலு சேரும்.