எதிர்ப்புச் சொல்லிசையில் பெயர் மறைப்பு

ஆட்சியாளரை எதிர்த்துப் பாடப்படும் ராப் என்னும் சொல்லிசையில் பெயர் இரண்டு இடங்களில் மறையக்கூடும். பாடுவோர் தம் பெயரை மறைக்கலாம். பாடப்படுவோரின் பெயரையும் மறைக்கலாம். இவ்விரண்டும் ஒன்றெனவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. மொழியமைப்பு நோக்கில் இவை வேறுவேறானவை. மராத்தியிலிருந்து ஒன்றும் தாய்லாந்து மொழியிலிருந்து ஒன்றுமாக இரு பாடல்களைக் கொண்டு இவ்வேறுபாடு ஈண்டு விளக்கப்படுகிறது.

மராத்திப் பாட்டு மரபு, பாடுவோர் பெயரை மறைக்கும் மரபன்று. அபங்கத்தின் முடிவில் துக்காராம் தம் பெயரைப் பொறித்தே செல்கிறார். 2002-இல் புனேயில் தோன்றிய கபீர் கலா மஞ்ச் குழுவினரும் சொந்தப் பெயரோடுதான் மேடையேறினர். அவர்களுள் சிலர் சிறை சென்றதும் உண்டு. 2023-இல் வெளிவந்த ராஜ் முங்காசேயின் ராப் பாடலும் இவ்வழியினதே. பாடியவரின் முகமும் பெயரும் வெளிப்படை. மறைந்திருப்பது மறுபக்கப் பெயர். பாட்டில் எந்தத் தலைவரும், எந்தக் கட்சியும் பெயர் சுட்டப்படவில்லை. 'திருடர்' என்னும் பொதுப்பெயரும், 'ஐம்பது கோகே' என்னும் தொடருமே உள்ளன.

புனேயின் மகர்பட்டாவில் பணிபுரியும் தமிழர் ஒருவர் இச்சொல்லை அகராதியில் தேடினால் 'பெட்டி' என்ற பொருளே கிடைக்கும். மும்பை வட்டார வழக்கிலோ அது கோடி ரூபாயைக் குறிக்கும். 2022 சூனில் சிவசேனை பிளவுற்றபின், கட்சி மாறியோர் பணம் பெற்றனர் என்று எதிர்க்கட்சியினர் சாட்டிய குற்றத்தை இத்தொடரே முழக்கமாகத் தாங்கியது. ஆளும் தரப்பினர் அதை மறுத்தனர். ஆக, சொல்லின் பொருள் அகராதியில் இல்லை. கேட்போரின் நினைவில் உள்ளது. ஆளும் தரப்பின் இளைஞர் அணியைச் சேர்ந்தவர் அளித்த புகாரின்பேரில் அம்பர்நாத்தில் வழக்குப் பதிவாயிற்று. பெயரில்லாத பாட்டுக்குப் பெயரை நிரப்பித் தந்தது புகாரே என்பது நோக்கத்தக்கது.

தமிழிலக்கண மரபினர்க்கு இந்நிலை புதிதன்று. அகப்பாட்டில் ஒருவரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் சுட்டுதல் புறத்துக்கே உரியது. முங்காசேயின் பாட்டு புறப்பொருளை அகத்தின் விதிகொண்டு பாடுகிறது எனலாம். அகத்தில் அவ்விதி மாந்தர் எவரையும் குறிக்காமல் பொதுமையைத் தருகிறது. இங்கோ எல்லாரும் அறிந்த ஒருவரையே குறிக்கிறது. விதி ஒன்று, பயன் நேரெதிர்.

தாய்லாந்துச் சூழல் வேறு. 2014 மே மாதத்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய நாடு அது. 2018 அக்டோபரில் 'சர்வாதிகாரத்துக்கு எதிரான ராப்' என்னும் குழு வெளியிட்ட 'பிரதேத் கு மீ' என்ற பாடலில் பாடுவோர் மேடைப் பெயர்களுக்குள் மறைந்தனர். காவல்துறை எச்சரித்தது, பார்வைகளின் எண்ணிக்கையோ சில நாள்களில் ஒரு கோடியைத் தாண்டியது.

இப்பாட்டின் அடிகள் பல 'இன்னது நிகழும் நாடு' என்னும் எச்சத்தொடராக அமைந்தவை. அவற்றில் முதன்மைச் சொல் நாடு. அதனை ஆள்பவர் அன்று. தலைப்பிலுள்ள 'கு' தன்மை ஒருமைப் பெயர். அம்மொழியில் 'நான்' என்பதற்குப் பேசுவோரின் பால், தகுதி, உறவு ஆகியவற்றுக்கேற்பப் பல சொற்கள் உண்டு. அவற்றுள் 'கு' நெருங்கிய நண்பரிடையே வழங்குவது. பிறரிடம் வழங்கின் அவமதிப்பாகும். கி.பி. 1292-ஐச் சேர்ந்ததாகக் கூறப்படும் ராம் கம்ஹெங் கல்வெட்டில் அரசனே தன்னை இச்சொல்லால் குறிக்கிறான் என்பது சுவையான செய்தி. அன்று இழிவற்றிருந்த சொல், பணிவுச் சொற்கள் பெருகியபின் கீழிறங்கியது. ஆட்சியாளர் முன் பணிந்து பேச வேண்டிய குடிமகன் 'கு' என்று தன்னைச் சுட்டும்போது, வசைச்சொல் ஒன்றும் இன்றியே பணிவு மறுக்கப்படுகிறது. தன் பெயரைச் சொல்லாத ஒருவன் தன்னை இதைவிட உரக்கச் சுட்ட இயலாது. பெயர்ப்பு நூல்கள் இதனை 'என்' என்று மட்டும் தந்து செல்வதால் பாட்டின் பாதி இழக்கப்படுகிறது. தமிழிலும் இதற்கு நிகரான தன்மைப் பெயர் இல்லை. 'நீ', 'நீங்கள்' என்னும் முன்னிலை வேறுபாட்டைக் கொண்டே ஓரளவு உணர்த்தலாம்.

மேடைப் பெயர் தந்த காப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. இக்குழு 2019-இல் வாட்ஸ்லாவ் ஹாவெல் பரிசைப் பெற்றது. குழுவில் 'ஹாக்ஹாக்கர்' என்ற பெயரில் பாடியவர், 2020 ஆகஸ்டில் பேரணி தொடர்பான வழக்கில் இயற்பெயரில் கைதுசெய்யப்பட்டார்.