எரிமலைக் குளத்துச் சிவப்பு இறால்

ஹவாய்த் தீவுகளின் கரையோரம், எரிமலைக் குழம்பு உறைந்து கருத்துக் கிடக்கும் பாறை வெளியில் சின்னச் சின்னக் குளங்கள் உண்டு. சில குளங்கள் ஓர் அண்டா அகலம்தான். கடலுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்கூடக் கிடையாது. ஆனாலும் கடலில் ஓதம் ஏறினால் குளமும் ஏறும், இறங்கினால் குளமும் இறங்கும். பாறை வெடிப்புகள் வழியே அடியிலிருந்து கடல்நீர் வருகிறது. மலைப்பக்கமிருந்து நிலத்தடி நன்னீர் வருகிறது. இரண்டும் கலந்த உவர்நீரில் வாழ்வதுதான் ஓப்பாயெ உலா. ஹவாய் மொழியில் ஓப்பாயெ என்றால் இறால், உலா என்றால் சிவப்பு. வளர்ந்த இறாலே ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர்தான். நம் சந்தைக் கூனியை நினைத்துக்கொள்ளுங்கள். விலங்கியலார் வைத்த பெயர் ஹாலோகாரிடினா ரூப்ரா.

அந்தக் குளங்களில் உப்பு ஒரே அளவில் நிற்பதில்லை. அதனால் ஏறத்தாழ நன்னீர் முதல் கடல்நீர் வரை எதிலும் தாக்குப்பிடிக்க இந்த இறால் பழகியிருக்கிறது. உடலுக்குள் உப்பைச் சமன்செய்யும் வேலையைச் செவுள்கள் ஓயாமல் பார்த்துக்கொள்கின்றன. தூரிகை போன்ற மயிர்க்கற்றை கொண்ட குட்டிக் கொடுக்குகளால் கல்மேல் படரும் பாசியையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் சுரண்டித் தின்னும்.

இந்தத் தாங்குதிறனே அதற்கு வினையானது. முற்றிலும் மூடிய கண்ணாடி உருண்டைக்குள் இறால், பாசி, நுண்ணுயிர் மூன்றையும் அடைத்து மேசை அலங்காரமாக விற்கிறார்கள். உணவு போட வழியில்லை, நீர் மாற்ற வழியில்லை. அதற்குள்ளும் சில ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஆனால் இனம் பெருக்குவது அரிது. அந்த உருண்டையை யாரும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். அதே இறாலுக்குத் திறந்த தொட்டி ஒன்று போதும், குடும்பமாகப் பெருகும்.

பத்து லிட்டர் கண்ணாடித் தொட்டி, துளைகள் நிறைந்த எரிமலைக் கல், லிட்டருக்குச் சுமார் 15 கிராம் கடல் உப்புக் கலவை. சமையல் உப்பு ஆகாது. கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதில் வேண்டிய அளவு இராது. வடிகட்டும் மோட்டார் தேவையில்லை. நீரைக் கலந்து விளக்கு வெளிச்சத்தில் சில வாரம் விட்டு, கல்லில் பாசி படர்ந்த பிறகே இறாலை விட வேண்டும். வெப்பம் 20 முதல் 25 டிகிரிக்குள் இருப்பது நல்லது.

அதன் பிறகு கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் கடினம். பாவம், பசிக்குமே என்று தினமும் தீனி போடுவதால்தான் பெரும்பாலான தொட்டிகள் கெடுகின்றன. மிஞ்சிய தீனி அழுகி நீரைக் கெடுத்துவிடும். பாசி இருக்கும்வரை வாரம் ஒருமுறை ஒரு சிட்டிகை ஸ்பைருலினாப் பொடி போட்டாலே தாராளம். நீர் ஆவியாகிக் குறைந்தால் காய்ச்சி வடித்த நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. முதல் நாளே நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். செம்பு கலந்த மீன் மருந்து ஒரு துளியும் உள்ளே போகக் கூடாது.

கூடவே அழகுக்கு ஒரு கப்பி மீன் விடலாமா என்றால், கூடாது. ஹவாய்க் குளங்களில் மனிதர்கள் கொண்டுவிட்ட கப்பியும் திலாப்பியாவும் இந்த இறாலை விரட்டின. மீன் புகுந்த குளங்களில் அது பகலெல்லாம் வெடிப்புக்குள் ஒளிந்து இரவில் மட்டும் வெளியே வருகிறது. ஏற்கெனவே பல குளங்கள் கட்டுமானங்களுக்காகத் தூர்க்கப்பட்டுவிட்டன. ஆகவே குளத்தில் பிடித்ததை வாங்காமல், தொட்டியில் பிறந்து வளர்ந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

பயந்தால் நிறம் வெளிறும். நிம்மதியாக இருந்தால் குங்குமச் சிவப்பு. சினை பிடித்த பெண் இறால் சுமார் ஒரு டஜன் முட்டைகளை வயிற்றடியில் சுமந்தபடி கல்துளைக்குள் இருட்டைத் தேடிப் போய்விடும். ஐந்தாறு வாரங்கள் அதைப் பார்க்க முடியாமலே போகலாம். இறந்துவிட்டதோ என்று கல்லைப் புரட்ட வேண்டாம். ஒரு நாள் நீருக்குள் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: தலைகீழாக, தூசிபோல், சொந்த மஞ்சள் கருவையே உணவாகக் கொண்டு குஞ்சுகள் மிதந்துகொண்டிருக்கும்.