டியூபா தாத்தாவுக்கு அரை நிமிஷம்

ஆபீஸில் லீவு கேட்பதற்காக நான் இதுவரை சொன்ன பொய்களைத் தொகுத்தால் ஒரு தீபாவளி மலர் போடலாம். பாட்டியை மட்டுமே இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். ஆனால், வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் உண்மையைச் சொல்லி லீவு கேட்டபோது என் மானேஜர் நம்பவே இல்லை ஸார்!

"ஜூலை நாலாம் தேதி எனக்கு ஆன்-கால் டியூட்டி வேண்டாம். ஊர் பேண்டில் டியூபா வாசிக்கிறேன்."

மனுஷர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு தமிழ்நாட்டு சாஃப்ட்வேர் ஆசாமி, அதுவும் கிரீன் கார்டு க்யூவில் வருஷக்கணக்காக நிற்கிறவன், அமெரிக்க சுதந்திர தினத்துக்கு டியூபா ஊதுகிறானா? கடைசியில் சக ஊழியர் ஒருவரிடம் பேரம் பேசி முடித்தேன். ஜூலை 4 பகலுக்கு அவர். பதிலுக்கு தாங்க்ஸ்கிவிங் ராத்திரி, கிறிஸ்துமஸ் ராத்திரி இரண்டுக்கும் நான். வட்டி ஜாஸ்திதான். இருந்தாலும் சம்மதித்தேன். காரணம் இருக்கிறது.

இது நடந்தது 2023-ல். நான் இருப்பது பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊர். பித்தளை வாத்தியத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் பூர்வஜென்ம பந்தம் உண்டு. பக்கத்து ஆலன்டவுன் ஊரின் பேண்டு 1828 முதல் ஊதிக்கொண்டிருக்கிறது. 'மார்ச் மன்னர்' என்று பெயர் வாங்கிய ஜான் பிலிப் சூசா, 1932 மார்ச்சில் ரெடிங் நகரத்து பேண்டுக்கு ஒத்திகை நடத்த வந்தார். கடைசியாக அவருடைய 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபார்எவர்' மார்ச்சை வாசிக்க வைத்தார். ஓட்டலுக்குப் போனார். அன்று ராத்திரியே போய்ச் சேர்ந்துவிட்டார். 77 வயசு. கலைஞனுக்கு இதைவிட நல்ல சாவு கிடைக்காது என்று எங்கள் பேண்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, அந்த மார்ச்சை வாசிக்கும்போது ஜாக்கிரதையாக உட்கார்ந்துகொள்வார்கள்.

எங்கள் பேண்டு சுத்த அமெச்சூர். முப்பத்தெட்டு பேர். பல் டாக்டர், நர்ஸ், பிளம்பர், இரண்டு வாத்தியார், ஒரு சவ அடக்கக்காரர் (டிராம்போன். கொஞ்சம் பயமாக இருக்கும்). சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்கூல் ஹாலில் நாங்களே நாற்காலி போட்டு, நாங்களே வாசித்து, நாங்களே நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு வர வேண்டும். எங்கள் கண்டக்டர் ஓர் அம்மணி. ரிடையரான ஸ்கூல் மியூசிக் டீச்சர். 'கண்டக்டர்' என்று ஊருக்கு ஃபோனில் சொன்னபோது, என் அப்பா கேட்டார்: "ஏல, அந்த ஊர்ல பொம்பளையாளும் விசில் அடிச்சு டிக்கெட் கிழிக்காங்களா?"

நான் பாளையங்கோட்டையில் படித்தபோது ஸ்கூல் பேண்டில் யூஃபோனியம் வாசித்தவன். ஆகஸ்ட் 15 காலையில் காக்கி டிராயரில் வேர்க்க வேர்க்க ஊதினால் ஆரஞ்சு மிட்டாய் இரண்டு எக்ஸ்ட்ரா கிடைக்கும். அந்த ருசிதான் கடல் தாண்டியும் விடவில்லை.

ஜூலை நாலு என்பது எங்களுக்குப் பொங்கல், தீபாவளி, பத்தாம் கிளாஸ் பரீட்சை மூன்றும் சேர்ந்தது. இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். காங்கிரஸ் கூடி பிரிட்டனிலிருந்து விடுதலை என்று ஓட்டுப் போட்டது 1776 ஜூலை 2. அந்த நாளைத்தான் பிற்காலத்தவர் ஊர்வலமும் வேட்டும் மணியோசையுமாகக் கொண்டாடப் போகிறார்கள் என்று ஜான் ஆடம்ஸ் தன் மனைவிக்குக் கடிதம் எழுதினார். எல்லாம் பலித்தது, தேதியைத் தவிர! பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்ட 4-ம் தேதிக்கு மவுசு போய்விட்டது. பின்னாளில் ஜனாதிபதியானவருக்கே ஜோசியம் இரண்டு நாள் தப்பியிருக்கிறது.

ஏற்பாடுகள் ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிடும். காலையில் ஊர்வலம். லாரிக்குப் பின்னால் இழுக்கும் பலகை வண்டி மேல் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். டிரைவர் பிரேக் போட்டால் டிராம்போன்காரரின் ஸ்லைடு முன்வரிசை கிளாரினெட் அம்மாளின் கொண்டையைப் பதம் பார்க்கும். சாயங்காலம் பார்க்கில் கச்சேரி. காற்றில் பாட்டுத்தாள் பறக்காமலிருக்கத் துணி காயப்போடும் மரக் கிளிப் ஆளுக்கு ஆறு. ஏ.ஸி. ஹாலில் ஒழுங்காகச் சேர்ந்த சுருதி, வெயிலில் குழாய்க்குள் காற்று சூடானதும் மேலே ஏறிவிடும். அதற்காக சுருதிக் குழாயை வெளியே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொசு மூக்கில் உட்காரும். அடிக்கக் கை கிடையாது.

சரி, டியூபாவுக்கு வருகிறேன்.

பெரிய பித்தளை அண்டாவுக்குக் குடல் வைத்த மாதிரி ஒரு வாத்தியம். சாதாரண டியூபாவின் குழாயை நீட்டினால் கிட்டத்தட்ட 18 அடி வரும். எங்கள் பேண்டில் இருந்தது ஒரே டியூபா. அதை வாசித்தவர் எழுபது தாண்டிய ஒரு பெரியவர். ரிடையரான பஸ் மெக்கானிக். நான் மனசுக்குள் வைத்த பெயர் டியூபா தாத்தா. நாற்பது வருஷமாக அதே மூலை, அதே நாற்காலி. ஒரு வார்த்தை பேசினால் அந்த வாரத்துக் கோட்டா முடிந்தது.

2022 ஜூலை 4 எனக்கு முதல் கச்சேரி. இங்கே ஒரு வழக்கம் உண்டு. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று ஒவ்வொரு படைக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. எல்லாவற்றையும் கோத்து ஒரே மாலையாக வாசிப்பார்கள். 'படையில் இருந்தவர்கள் உங்கள் பாட்டு வரும்போது எழுந்து நில்லுங்கள்' என்று கண்டக்டர் அறிவிப்பார். புல்தரையில் மடக்கு நாற்காலியிலிருந்து ஒவ்வொருவராக எழுவார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர், பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர். கூட்டம் கைதட்டும். எனக்கு சம்பந்தமே இல்லாத தேசம், சம்பந்தமே இல்லாத பாட்டு. ஆனாலும் தொண்டை அடைத்தது. யூஃபோனியம் வாசிக்கிறவனுக்குத் தொண்டை அடைத்தால் அது பெரிய பிரச்னை.

வாசிப்பு முடிந்ததும் கண்டக்டர் அம்மா மெதுவாகச் சொன்னார்: "உன் பக்கத்துல இருக்காரே, அவரும் போய்ட்டு வந்தவர்தான். 1970-ல் வியட்நாம். நாற்பது வருஷத்துல அவர் பாட்டுக்கு ஒரு தடவைகூட எழுந்து நின்னதில்லை."

"ஏன்?"

"நீயே கேளேன்."

கேட்டேன். டியூபாவிலிருந்து எச்சில் தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னார்: "நான் எழுந்துட்டா டியூபாவை யார் வாசிக்கறது?"

நியாயம்தானே? மார்ச் இசைக்கு டியூபாதான் தரை. அது இருக்கும்போது யாருக்கும் காது கேட்காது. நின்றுபோனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். (எங்கள் ஆபீஸில் சர்வர் பார்த்துக்கொள்ளும் பையன்களின் நிலைமையும் இதேதான்.)

அன்று ராத்திரி வாணவேடிக்கை பார்க்கும்போது போட்ட திட்டம்தான் இது. அடுத்த வருஷம் அந்த அரை நிமிஷத்துக்கு நான் டியூபா வாசிப்பது, அவர் எழுந்து நிற்பது. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்... நானும் கண்டக்டர் அம்மாவும். 'திறந்தவெளியில் பாஸ் பத்தவில்லை, இரண்டு டியூபா வேண்டும்' என்று அவரிடம் ஒரு சாக்கு சொன்னோம். ஸ்கூலிலிருந்து ஒரு பழைய டியூபா கடன் வாங்கினோம். எனக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை யாரிடம் கொடுத்தோம் தெரியுமா? அவரிடமே!

டியூபாவைக் காரின் முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டு வீட்டுக்கு வந்தேன். பின் சீட்டிலிருந்து இறங்கிய என் மனைவி, "என்னங்க, இவங்களுக்கும் சேர்த்து உலை வைக்கணுமா?" என்றாள். பிராக்டீஸுக்கு கராஜ் ஒதுக்கப்பட்டது. யூஃபோனியத்துக்கும் இதற்கும் விரல் ஒன்றுதான். ஒரு ஸ்தாயி கீழே, அவ்வளவே. ஆனால் மூச்சு? நாலு பார் ஊதினால் கண்ணில் நட்சத்திரம் வந்தது. பக்கத்து வீட்டு நாய் முதல் வாரம் குரைத்தது. இரண்டாம் வாரம் சுருதி சேர்த்து ஊளையிட்டது. மூன்றாம் வாரம் அந்த வீட்டுக்காரர் வந்து, நாய் சாப்பிட மாட்டேன் என்கிறது என்றார்.

குருநாதர் கறார் பேர்வழி. "மூச்சை வயித்துக்கு இழுக்காதே யங் மேன், ஷூவுக்கு இழு" என்பார். ஒரே சுரத்தைக் கடிகாரம் வைத்து ஊதச் சொல்வார். மே மாதம் ஒருநாள், "பரவாயில்லை" என்றார். அந்தச் சம்பள உயர்வை நான் இன்னும் செலவழிக்கவில்லை.

ஜூன் கடைசித் திங்கட்கிழமை, கச்சேரிக்கு முந்தின கடைசி ஒத்திகைக்குத் தாத்தா வரவில்லை.

நாற்பது வருஷத்தில் முதல்முறை. காலியான அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் வாசித்தோம். மறுநாள் ஆபீஸ் விட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து ஏதோ கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நீ நல்லா வாசிக்கறே. இந்தச் சின்ன பேண்டுக்கு எதுக்கு ரெண்டு டியூபா? எனக்கு பதிலா ஆள் ரெடி பண்ணறாங்கன்னு புரியாத அளவுக்கு நான் இன்னும் கிழவனாகலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த மனுஷரை மூன்று மாசமாக வதைத்திருக்கிறோம். அதுவும் தன் இடத்தைப் பிடிக்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டே, ஒரு குறையும் வைக்காமல் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

உளறிக் கொட்டிவிட்டேன். எல்லாவற்றையும்.

அவர் துடைப்பதை நிறுத்தினார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம்,

"நான் எழுந்து நிக்கணும்னு உங்ககிட்ட எப்போ சொன்னேன்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? 'சொல்லவில்லை ஸார்' என்றேன். தெரியாத்தனமாக 'ஸாரி' என்றும் சொன்னேன். கிளம்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "தரைப்படை பாட்டுல ரெண்டாவது வரி நடுவுல மூச்செடுக்கறே. எடுக்காதே."

வருவாரா, மாட்டாரா? வந்தாலும் நிற்பாரா? அந்த ஒரு வாரம் நான் ஆபீஸில் எழுதிய புரோகிராம்களில் எத்தனை பிழை இருந்தது என்று நீங்கள் கேட்கக்கூடாது.

ஜூலை 4, செவ்வாய்க்கிழமை. காலை ஊர்வலத்துக்குத் தாத்தா வந்துவிட்டார், ஒன்றுமே நடக்காத மாதிரி. சாயங்காலம் பார்க்கில் கூட்டம். தேசிய கீதம் முடிந்தது. (அதன் மெட்டு, லண்டனில் ஒரு குடிக்கும் கிளப்பின் பாட்டு. சண்டை போட்ட நாட்டிடமே மெட்டைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்!) இன்னும் நாலைந்து உருப்படி. அப்புறம் கண்டக்டர் அம்மா மைக்கைப் பிடித்து, வழக்கமான அறிவிப்பைச் சொன்னார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் பாட்டுத்தாளில் தரைப்படை கடைசி. கடலோரக் காவல் எழுந்தது, விமானம் எழுந்தது, கடற்படை எழுந்தது, மரீன் எழுந்தது. பக்கத்தில் தாத்தா வாசித்துக்கொண்டே இருந்தார். கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. ஒரு பார், இரண்டு பார்... அவர் டியூபா நிற்கவில்லை. சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நாலாவது பாரில் என் இடது காதில் அந்தச் சத்தம் நின்றது. பித்தளை வாய் புல்லில் கவிழும் மெத்தென்ற ஓசை. நாற்காலி கிறீச்சிட்டது.

அவர் முகம் எப்படி இருந்தது, கண் கலங்கினாரா என்றெல்லாம் கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை. பாட்டுத்தாளை விட்டுக் கண்ணை எடுத்தால் தரை போய்விடும். ஓரக்கண்ணில் தெரிந்தது ஒரு கை மட்டும்தான். டியூபா இல்லாமல் எங்கே வைப்பது என்று தெரியாமல் அது பேண்ட் தையலோரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பேண்டுக்காரர்களில் வாசிக்காமல் இருந்தவர்கள் காலால் தரையைத் தட்டினார்கள். வாயில் வாத்தியம் இருப்பவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

பாட்டு முடிந்தது. உட்கார்ந்தார். டியூபாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"ஏழாவது பார். பி-ஃப்ளாட் தப்பு."

"ஸாரி ஸார்."

"அடுத்தது சூசா. பக்கத்தைத் திருப்பு."