கொல்லிமலையில் பயிர்ப் பன்மையும் குடும்ப உணவும்

முன்னுரை

நிலத்தில் பலவகைப் பயிர்கள் விளைந்தால் உழவர் வீட்டு உணவும் பலவகைப்படும் என்பது பொதுவான கருத்து. இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையின் பயிர் மாற்றத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

பயிர் மாற்றம்

கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றை நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்தனர். தானியத்துடன் அவரை, துவரை முதலியவற்றையும் கலந்து விதைத்தனர். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், சேலம் வட்டாரச் சவ்வரிசி ஆலைகளின் தேவையை ஒட்டி மரவள்ளி இந்நிலங்களில் பரவியது. அது ஏறத்தாழப் பத்து மாதங்கள் நிலத்தில் நிற்கும் பயிர். எனவே தானியம் மட்டுமன்றி, அதனோடு விளைந்த பயறு வகைகளும் இடமிழந்தன.

விளைந்த கிழங்கில் பெரும்பகுதி ஆலைக்குச் செல்கிறது; உலைக்கு வருவது அரிசி. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. ஆகவே, உணவு நோக்கில் ஒப்பிடத்தக்கவை சிறுதானியமும் அரிசியுமே ஆகும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே.

அளவுகோலின் வரம்பு

15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களின் உணவுப் பன்மையை அளக்க, உணவு பத்துத் தொகுதிகளாகப் பகுக்கப்படுகிறது. முந்தைய நாளில் ஐந்து தொகுதிகளையேனும் உண்டிருப்பின் அது குறைந்தபட்சப் பன்மை எனக் கொள்ளப்படும். இப்பகுப்பில் தானியங்களும் மாவுக்கிழங்குகளும் ஒரே தொகுதியில் அடங்கும். எனவே நான்கு சிறுதானியங்களை உண்ட குடும்பம் அரிசிக்கு மாறினாலும் மதிப்பெண் குறையாது; சுண்ணாம்புச்சத்து மட்டும் குறையும். மாறாக, ஊடுபயிரான அவரை மறைந்தால், அதனை வாங்கி உண்ணாத வீட்டில் ஒரு தொகுதியே விடுபடும். ஆகவே பயிர்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவை எத்தொகுதியைச் சார்ந்தவை என்பதே முதன்மையானது.

சந்தையும் உழைப்பும்

இந்தோனேசியா, கென்யா, எத்தியோப்பியா, மலாவி ஆகிய நாடுகளின் சிறு உழவர் குடும்பங்களை ஆராய்ந்து சிபாத்து, கிருஷ்ணா, கைம் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, பயிர்ப் பன்மை சில சூழல்களில் உணவுப் பன்மையை உயர்த்தினும், சந்தையை எளிதில் அணுகும் வாய்ப்பு அதனினும் மிகுதியாக உதவுகிறது எனக் கண்டது. இதன்படி மரவள்ளி தரும் பணத்தையும் புறந்தள்ள இயலாது. ஆனால் அப்பணம் பருப்பாகவும் கீரையாகவும் முட்டையாகவும் வீடு திரும்புகிறதா என்பதே வினா. அதற்கான விடை, சந்தையின் தொலைவையும், செலவை முடிவு செய்பவர் யார் என்பதையும் பொறுத்தது.

சாமை, தினை ஆகியவற்றின் உமியை நீக்க உரலில் நெடுநேரம் குற்ற வேண்டும், அவ்வுழைப்பு பெண்களுடையது. சமைக்க ஆயத்தமான அரிசி கிடைக்கும்போது சிறுதானியம் கைவிடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலைச் சிற்றூர்களில் உமிநீக்கும் சிறு எந்திரங்களை அறிமுகப்படுத்தியது இச்சுமையைக் கருதியே ஆகும்.

முடிவுரை

பயிர்ப் பன்மை தானாகவே உணவுப் பன்மையாக மாறுவதில்லை. பயறு, கீரை போன்ற விடுபட்ட தொகுதிகளை நிலத்திற்கு மீட்டல், உமிநீக்கும் உழைப்பைக் குறைத்தல், வருவாயின் மீது பெண்களுக்கு உரிமை அளித்தல் ஆகிய மூன்றும் இணையும்போதே வயலின் வளம் உண்கலத்தை அடையும். பயிர்களை மட்டும் எண்ணும் ஆய்வுகள் இவ்விடைவெளியைக் காணத் தவறும் என்பது இதனால் பெறப்படுகிறது.