வீடு திரும்புமுன் குளியலறையைச் சீரமைப்போம்

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர் வீடு திரும்பும் நாளில், மருந்து, உணவு, கட்டில் ஆகியவற்றைப் பற்றி உறவினர்கள் தவறாமல் எங்களிடம் கேட்கிறார்கள். குளியலறையைப் பற்றிக் கேட்பவர்கள் மிகச் சிலரே. ஈரமும் வழுக்கலும் நெருக்கடியும் ஒருங்கே அமைந்த அந்தச் சிற்றறையில்தான் மறுபடி விழும் ஆபத்து காத்திருக்கிறது.

நெல்லைப் பகுதியின் பழைய வீடுகளில் இந்த அறை புறக்கணிக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஆற்றங்கரை ஊர்களில் குளியல் என்பது தாமிரபரணிப் படித்துறையில் நடந்த காரியம். ஆகவே தார்சா, இரண்டாங்கட்டு, அடுப்படி என நீளும் வீட்டின் கடைசியில், புறவாசல் சுவரை ஒட்டி எழுப்பிய அறையாகவே அது நின்றுவிட்டது. உடைந்த வாளி, துடைப்பம், ஆசிட் பாட்டில் அனைத்துக்கும் அங்கேதான் இடம். உடல்நலம் உள்ளவரை இது குறையாகத் தெரிவதில்லை. நோயுற்ற பின்னரோ, அங்கே போக அஞ்சியே முதியவர்கள் பலர் தண்ணீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் அதன் விளைவாக வரக்கூடியவை.

சீரமைப்பு என்றதும் டைல்ஸ் கடைக்குச் செல்வதே வழக்கம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் கருத்து. முதலில் கதவைப் பாருங்கள். உட்புறம் திறக்கும் கதவாயின், உள்ளே விழுந்தவரின் உடலே அதைத் தடுத்துவிடும். வெளியிலிருந்து எவராலும் திறக்க இயலாது. கீலை மாற்றி வெளிப்புறம் திறக்கச் செய்வது ஒரு தச்சருக்கு அரைநாள் வேலை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நீர் புகுந்து, உப்பி இறுகிப்போன கதவுகளை இழைக்கும்போதே இதையும் செய்துவிடலாம். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளே நல்லது.

அடுத்தது, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. துண்டு போடும் கம்பியையும், உறிஞ்சி ஒட்டும் ரப்பர் பிடிகளையும் நம்ப வேண்டாம். ஓர் ஆளின் எடையை அவை தாங்கா. எஃகுக் கைப்பிடிக் கம்பியைச் செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் ஆழமாகத் திருகாணியிட்டுப் பொருத்த வேண்டும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் திருகாணி நில்லாது. அங்கே சுவரைத் துளைத்து மறுபுறம் தகடு வைத்து முடுக்குவதோ, தரையில் ஊன்றிய கம்பி அமைப்பதோதான் வழி. பக்கவாத நோயாளிக்கு வலுவுள்ள கைப்பக்கம் கம்பி அமைய வேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்பதைக் கொத்தனார் முடிவு செய்யலாகாது. நோயாளியை அமரவைத்துக் கையை நீட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் குந்தி உட்காரலாகாது; அமரும்போது முழங்கால் இடுப்பைவிட உயரக்கூடாது. அதற்காகத் தரையை உடைத்தாக வேண்டுமென்பதில்லை. இருக்கும் பீங்கானின்மேல் நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியை வைத்தாலே போதும். பெரும்பாலோருக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரம் பொருந்தும். கால்களில் ரப்பர் புஷ் தேயாமல் இருக்கட்டும். குளிப்பதற்கும் உறுதியான ஒரு நாற்காலி வேண்டும். வாளியையும் மற்றொரு முக்காலியில் ஏற்றிவைத்தால் குனிய வேண்டியதில்லை.

தரையில் கிடக்கும் சாக்கும் மிதியடியும் உடனே அகற்றத்தக்கவை. புதிய டைல்ஸ் பதிப்பதாயின் சொரசொரப்பானதையே கேளுங்கள். பளபளப்பானது ஈரத்தில் ஆபத்து. பணம் இடம் தராவிடில், சிமெண்ட் பூசி, காயுமுன் துடைப்பத்தால் வரியிட்ட தரையே போதுமானது. பாசி நீக்க ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு, சன்னலில்லாத சிற்றறையில் மூச்சையே அடைத்துவிடும்.

நீரிழிவினால் காலில் உணர்ச்சி குறைந்தவர் வெந்நீரின் சூட்டை அறியமாட்டார். வாளியில் முதலில் தண்ணீரும் பிறகே வெந்நீரும் ஊற்றி, உடனிருப்பவர் முழங்கையால் சோதித்துத் தர வேண்டும். வாளிக்குள் மின்சார ஹீட்டர் கம்பியைப் போடும் பழக்கத்தை நாங்கள் முற்றாக மறுக்கிறோம். கெய்சர் உள்ள வீட்டில் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

விளக்கின் சுவிட்ச் அறைக்கு வெளியே, கைக்கு எட்டும் உயரத்தில் இருத்தல் நலம். புறவாசலுக்குச் செல்லும் வழியிலும் இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும். இரவில் அவ்வளவு தூரம் நடக்க முடியாதவருக்குக் கட்டிலருகே கமோடு நாற்காலியே தக்கது; அதில் கூச்சப்பட எதுவுமில்லை.

புதிய பூச்சும் டைல்ஸும் உறுதிபெறச் சில நாட்கள் ஆகும் என்பதால், வீடு திரும்பும் தேதி தெரிந்தபின் கொத்தனாரைத் தேடுவது காலங்கடந்த செயல். நோயாளி வார்டில் இருக்கும்போதே குளியலறையைக் கைபேசியில் படமெடுத்து, கதவின் அகலத்தையும் அளந்து, இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். வாக்கர் அதற்குள் நுழையுமா என்பதை அவர் அப்போதே சொல்லிவிடுவார்.