ஏலமலை அடிவாரத்தில் ஒரு மாலைப்பொழுது

தேவாரம் என்றதும் நேயர்களுக்கு மூவர் அருளிய பதிகங்களே நினைவுக்கு வரும். தேனி மாவட்டத்தில், ஏலமலையின் அடிவாரத்தில், அப்பெயரையே தாங்கி ஓர் ஊரும் இருக்கிறது. பாட்டைப் பெயராகக் கொண்ட அவ்வூர்ப் பக்கத்துக் குழந்தைகளின் பாட்டையும் விளையாட்டையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இப்பக்கத்துப் பெண்கள் பலர் விடியற்காலையிலேயே ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு முதலிய மலைப்பாதைகள் வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. அதுவரை குழந்தைக்குத் துணை யார்? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லையேல் தொலைக்காட்சிப் பெட்டி. அதிலோ பெரும்பாலும் துரத்தலும் அடிதடியும் காதைத் துளைக்கும் கூச்சலுந்தான்!

பெட்டியின்மேல் பழி போடுவது நியாயமன்று. 1975-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையம், பின்னர் 'கண்மணிப் பூங்கா' என்ற சிறுவர் நிகழ்ச்சியை அளித்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று தாங்களே பெற்றோர்களாகிவிட்டார்கள்.

அமெரிக்காவில் பிரெட் ராஜர்ஸ் என்பவர் 1968 முதல் 2001 வரை குழந்தைகளுக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தி வந்தார். அவர் சங்கீதம் பயின்றவர். பாட்டுக்களைத் தாமே இயற்றினார். வீட்டுக்குள் நுழைவார், கம்பளிச் சட்டை அணிவார், காலணி மாற்றுவார், மீன்களுக்கு இரை போடுவார். எதிலும் அவசரமில்லை. பொம்மை டிராம் வண்டி ஒன்று பொம்மைகளின் கற்பனை ராஜ்யத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும். ஜானி காஸ்டா என்ற வித்வான் அங்கேயே அமர்ந்து, நிகழ்ச்சியின் போக்கை அனுசரித்துப் பியானோ வாசிப்பார். 1969-இல் பொது ஒளிபரப்புக்கான பண உதவியைக் குறைக்கும் பேச்சு எழுந்தது. ராஜர்ஸ் செனட் குழுவின் முன் சென்று, கோபத்தை அடக்குவது பற்றிய தம் பாட்டின் சொற்களை அமைதியாகச் சொன்னார். கண்டிப்பானவர் என்று பேரெடுத்த குழுத் தலைவரும் மனம் இளகிவிட்டார்!

விளையாட்டையும் பாட்டையும் இணைக்கும் இந்த வித்தை நமக்குப் புதிதா? மதுரைச் சீமைச் சிறுமிகள் சொட்டாங்கல் ஆடும்போது, ஒன்று, இரண்டு என்று ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பாட்டு உண்டு; பாட்டின் தாளத்துக்குக் கல் மேலே போய் உள்ளங்கைக்குத் திரும்புகிறது. சடுகுடுவில் மூச்சு விடாமல் பாடுவதே ஆட்டத்தின் விதி. பல்லாங்குழியின் 14 குழிகளில் புளியங்கொட்டையைப் போட்டு எடுக்கும் குழந்தைக்குக் கணக்கு தானே வந்துவிடுகிறது.

இவற்றை அறிந்த பாட்டிமார் இருக்கும்போதே நாம் செய்யவேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டு அரசு 2019-இல் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியிருக்கிறது. மத்திய அரசின் டிடி தமிழும் இருக்கிறது. மாலையில் அரை மணி நேரம், ஒரு பாட்டி, நாலு குழந்தைகள், ஒரு கைப்பிடிக் கூழாங்கற்கள், மெல்லிய வீணை அல்லது புல்லாங்குழல்: இவ்வளவு போதாதா?

அந்நிகழ்ச்சி நன்றாக அமைந்தது என்பதற்கு அடையாளமும் எளிதுதான். அது முடிந்தபின் குழந்தை பெட்டியை நிறுத்திவிட்டுக் கல் பொறுக்க வாசலுக்கு ஓட வேண்டும். ஜீப்பிலிருந்து இறங்கி அலுத்து வரும் தாய், தெருமுனையிலேயே தன் மகளின் பாட்டைக் கேட்க வேண்டும்.