காணொளிவழி அறுவைத்திறன் மதிப்பீடு

அறுவைச் சிகிச்சையின்போது பதிவாகும் காணொளியைக் கணினி ஆராய்ந்து, மருத்துவரின் கைத்திறனுக்கு மதிப்பெண் வழங்கும் முறை காணொளிவழி அறுவைத்திறன் மதிப்பீடு ஆகும். இயந்திரக் கற்றல் இதற்கு அடிப்படை.

தேவை

மருத்துவ மாணவரின் பாட அறிவை எழுத்துத் தேர்வில் அறியலாம். கைத்திறனை அறிய முடியாது. 1990களில் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஓசாட்ஸ்’ முறை இதற்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. திசுவை மென்மையாகக் கையாளுதல், வீண் அசைவின்மை, கருவியைப் பயன்படுத்தும் லாவகம் போன்ற ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவர்.

கைத்திறனுக்கும் நோயாளியின் நலனுக்கும் உள்ள தொடர்பை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. உடற்பருமனுக்கான அறுவைச் சிகிச்சை செய்யும் 20 மருத்துவர்கள் ஆளுக்கொரு காணொளி அளித்தனர். செய்தவர் யார் என்று அறியாமலே சக மருத்துவர்கள் மதிப்பெண் இட்டனர். கடைசிக் கால்பகுதியினரின் நோயாளிகளில் 14.5 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டன. முதல் கால்பகுதியினரிடம் இது 5.2 விழுக்காடே.

ஆனால், மூத்த மருத்துவர்கள் மணிக்கணக்கில் காணொளி பார்த்துத் திருத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது. எனவே கணினியின் உதவி நாடப்பட்டது.

செயல்படும் விதம்

1. காணொளியில் தெரியும் கருவிகளைக் கணினி இனங்காண்கிறது.
2. சிகிச்சையின் கட்டங்களைப் பிரிக்கிறது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் தொகுக்கப்பட்ட ‘கோலெக்80’ என்னும் 80 காணொளிகளில், பித்தப்பை அகற்றும் சிகிச்சை 7 கட்டங்களாகக் குறிக்கப்பட்டுள்ளது.
3. கருவி நகர்ந்த தொலைவு, அசைவின் சீர்மை, தயங்கி நின்ற நேரம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறது.
4. வல்லுநர்கள் முன்பே மதிப்பெண் இட்ட காணொளிகளிலிருந்து கற்றதைக் கொண்டு, புதிய காணொளிக்கு மதிப்பெண் தருகிறது.

வரம்புகள்

2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் பங்கேற்று வெளியிட்ட ‘ஜிக்சாஸ்’ தொகுப்பு, இத்துறையில் மிகுதியும் பயன்படுவது. அதில் இடம்பெற்றோர் 8 பேர் மட்டுமே. அவர்கள் செய்ததும் மாதிரிப் பொருள்களில் இட்ட தையலும் முடிச்சும் போன்ற பயிற்சிகளே. ஏற்கெனவே கண்டவர்களின் வேறொரு காணொளியைக் கொடுத்தால் கணினி பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். முற்றிலும் புதியவரின் காணொளியைக் கொடுத்தால் தடுமாறும். முன்பே பார்த்த வினாத்தாளில் மாணவர் நூறு வாங்குவதைப் போன்றது இது. ஆகவே, எந்தக் கருவியின் துல்லியத்தைப் படித்தாலும் அது யாரிடம் சோதிக்கப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும்.

மேலும், சீரான அசைவு சரியான முடிவாகிவிடாது. பித்தப்பை நாளம் என்று எண்ணிப் பொதுப் பித்தநாளத்தை மிக நேர்த்தியாக வெட்டினாலும் அது பெருந்தவறே.

பயன்

இன்றைய நிலையில் இம்முறை பயிற்சிக்கு நன்கு உதவும். எந்த நிமிடத்தில் ஊசி தடுமாறியது என்று காட்டினால், மாணவர் அப்பகுதியை மட்டும் மீண்டும் பழகலாம். ஒருவர் தனியாக அறுவைச் சிகிச்சை செய்யத் தகுதியுடையவரா என்னும் தீர்ப்பை, காணொளியையும் நோயாளியின் நிலையையும் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியரே வழங்க வேண்டும்.